புது லென்ஸ், மங்கல் படம்: கடைக்கு ஓடுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

என்னுடைய முதல் 50 எம்எம் லென்ஸை வாங்கிய மூன்றாம் நாள், மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்கப் போனேன். அதுவரை கமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான். புது லென்ஸ் எஃப்/1.8 வரை (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும்) திறக்கும் என்ற பெருமையில் அன்று முழுவதும் அதைத் திறந்தே வைத்திருந்தேன். இரவு வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், பிள்ளையின் மூக்குத்திக் கல் பளிச்சென்று இருக்கிறது, கண் இரண்டும் பஞ்சு போலக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு படம் அல்ல, நாற்பதுக்கு மேல்.

விடிந்ததும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சண்டைக்கு வரவில்லை. கமராவைக் கண்ணாடி மேசையில் வைத்து, எதிரே பில் புத்தகத்தை நிறுத்தி, எஃப்/5.6-இல் ஒரு படம் எடுத்துப் பெருக்கிக் காட்டினார். அச்செழுத்தின் ஓரத்தில் மை கசிந்திருப்பது வரை தெரிந்தது. “லென்ஸில பிழை இல்ல தம்பி. ஒரு மீற்றர் தூரத்தில நிண்டு ஒண்டு தசம் எட்டில அடிச்சா மூக்குத்தான் வரும்” என்றார்.

அவர் சொன்ன கணக்கு சரிதான். கிரொப் சென்சர் (35 எம்எம் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சர்) கமராவில் 50 எம்எம் லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து ஒரு மீற்றரில் ஃபோகஸ் பண்ணினால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையிலேயே அது முடிந்துவிடும்.

அதன் பிறகு யாராவது “அண்ணன், புது லென்ஸ் சரியில்ல” என்று வந்தால் நான் கீழே உள்ள வரிசையில்தான் பார்ப்பேன். பாதி வழியிலேயே காரணம் பிடிபட்டுவிடும்; பெரும்பாலும் அது லென்ஸாக இருப்பதில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் படம் எடுங்கள். அபேர்ச்சரையும் (எஃப் எண்) ஷட்டரையும் (ஒளி உள்ளே விழும் நேரம்) இடத்தையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

படத்தை எங்கே பார்க்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள், முதல் கேள்வி இதுதான். வட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு லென்ஸைக் குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. நுணுக்கமெல்லாம் வழியிலேயே போய்விடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். முகநூலும் இதே கதைதான். மெமரி காட்டில் இருந்து நேராகக் கணினிக்கு எடுத்த கோப்பை மட்டும் வைத்துப் பேசுவோம்.

மறுபக்கமும் இருக்கிறது. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000 பிக்சல். சாதாரணக் கணினித் திரை 1920க்கு 1080. நூறு வீதம் பெருக்கும்போது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் திரையில் தெரியும். அந்த அளவில் எந்த லென்ஸும் கொஞ்சம் மென்மையாகத்தான் தெரியும். கலியாண அல்பத்தில் 8க்கு 12 அங்குலத்தில் அச்சிட 2400க்கு 3600 பிக்சல் போதும். அச்சில் தெரியாத குறைக்காக நித்திரையைத் தொலைக்க வேண்டாம்.

ரோ, அதாவது கமரா மெருகூட்டாத மூலக் கோப்பில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கமராவின் பின்திரையில் தெரிவது கமரா தானே கூர்மையூட்டிய ஜேபெக் முன்காட்சி. அதே படத்தைக் கணினியில் ரோவாகத் திறந்தால் சப்பென்று இருக்கும். அது பழுதல்ல, இன்னும் சமைக்காத அரிசி. வியூஃபைண்டருக்குள் பார்க்கும்போது மட்டும் எல்லாம் மங்கலாக இருந்தால், பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பி உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வையுங்கள். அதற்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அளவுகோலாக ஒரு படம்

இப்போது லென்ஸுக்கு முழுச் சாதகமான ஒரு படம் எடுக்க வேண்டும். கமராவை ட்ரைபொட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் கதிரையின் மேல் தலையணை வைத்து அதில் இருத்துங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/5.6 அல்லது எஃப்/8, இரண்டு செக்கன் டைமர், லென்ஸின் நடுக்கத் தடுப்பு நிறுத்தத்தில். லைவ் வியூவை (காட்சியைப் பின்திரையில் காட்டும் நிலை) போட்டு, பத்து மடங்கு பெருக்கி, கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி உச்சத் தெளிவுக்குக் கொண்டுவந்து எடுங்கள்.

எதைப் படம் எடுப்பது? இணையத்தில் கட்டம் போட்ட சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது பன்பாய். விறாந்தைச் சுவரில் நாலு ஆணியடித்து இழுத்துக் கட்டிவிட்டால், நுணுக்கமான பின்னல் மூலைக்கு மூலை ஒரே சீராகக் கிடைக்கும். நிழலான வெளிச்சம் போதும். சுவருக்குக் கமரா நேராக நிற்க வேண்டும். சரிவாக வைத்துவிட்டு ஒரு பக்கம் மங்கல் என்று சொல்லக்கூடாது. எழுத்து வேண்டுமென்றால் பாயின் நடுவிலும் நாலு மூலையிலும் பழைய பேப்பர்த் துண்டுகளை ஒட்டுங்கள்.

இந்தப் படத்தின் நடுப்பகுதி கூர்மையாக வந்துவிட்டால் லென்ஸின் கண்ணாடி பெரும்பாலும் சுகம். பிரச்சினை நீங்கள் எடுக்கும் விதத்திலோ ஃபோகஸிலோ வெளிக்காற்றிலோ இருக்கிறது, தொடர்ந்து வாசியுங்கள். இந்தப் படமே மங்கலாக வந்தால், நேரே கண்ணாடியைத் துடைக்கும் பகுதிக்குப் போய்விடலாம்.

மங்கலில் நாலு வகை

“மங்கல்” என்று ஒரே சொல்லால் சொல்கிறோம், ஆனால் அதற்குள் நாலு வேறு நோய் இருக்கிறது. கெட்டுப்போன படத்தைப் பெருக்கி ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் எது என்று படமே சொல்லும்.

வெளிச்சப் புள்ளிகளைப் பாருங்கள்: கண்ணில் விழுந்த ஒளி, மின்குமிழ், நகையின் மினுக்கம். அவை எல்லாம் ஒரே திசையில் சின்னக் கோடாக இழுபட்டிருந்தால் கமரா அசைந்திருக்கிறது. பின்னால் இருக்கும் சுவரும் கதவும் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். நீங்கள் நினைத்த இடம் மங்கலாகவும் அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. என் மூக்குத்தி அந்த வகை. எங்குமே ஒரு கூர்மை இல்லாமல், மேலே மெல்லிய புகை பூசினது போல் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தால் கண்ணாடியில் அழுக்கு, ஈரம் அல்லது எதிர்வெயில்.

கமரா அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸின் எம்எம் எண்ணை ஒன்றின் கீழ் போட்டால், கையில் பிடிப்பதற்கான மிகக் குறைந்த ஷட்டர் வேகம் வரும். கிரொப் சென்சரில் அதை 1.5 ஆல் பெருக்க வேண்டும், கெனன் என்றால் 1.6. ஆக 300 எம்எம் லென்ஸுக்கு 1/450 அல்லது 1/480, அதாவது 1/500 செக்கன். 18-55-இல் 1/60 வைத்துப் பழகின கை, 70-300 வாங்கியதும் அதே 1/60-இல் அடிக்கிறது. பெரும்பாலான “புது லென்ஸ் சரியில்லை” முறைப்பாடுகளின் பிறப்பிடம் இதுதான்.

நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், எதிரே ஓடும் பிள்ளையைப் பிடிக்காது. நடப்பவருக்கு 1/250, விளையாடும் பிள்ளைகளுக்கு 1/500, வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை விரிப்பவரின் கையும் வலையும் உறைந்து நிற்க 1/1000, பறக்கும் கொக்குக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். ட்ரைபொட்டில் கமரா நிற்கும்போது தடுப்பை நிறுத்திவிடுங்கள். சில பழைய லென்ஸ்கள் இல்லாத அசைவைத் தேடித் தாங்களே அசைந்துகொள்ளும்.

இந்த வேகங்களுக்கு ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டி வரும். ஏற்றுங்கள். புள்ளி விழும் என்று பயந்து ஐஎஸ்ஓ 100-லேயே கிடப்பவர்களோடு நான் வாதாடிக் களைத்துவிட்டேன். ஐஎஸ்ஓ 1600-இன் புள்ளியைக் கணினியில் குறைக்கலாம். இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது.

ஃபோகஸ் எங்கே விழுந்தது?

முதலில் லென்ஸின் பக்கத்தில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பையில் போட்டு எடுக்கும்போது அது தானாகக் கைமுறைக்கு மாறிக் கிடக்கும். இந்த ஒரு சுவிட்சுக்காகக் கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குப் பஸ் ஏறி வந்தவரை எனக்குத் தெரியும். நெடுந்தூர லென்ஸ்களில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சுவிட்சும் இருக்கலாம். அது ‘முழுமை’யில் இல்லாவிட்டால் கிட்ட உள்ளதைப் பிடிக்காது.

ஒவ்வொரு லென்ஸுக்கும் கிட்டத்தூர எல்லை உண்டு. கெனன் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் 35 சென்ரிமீற்றருக்கு உள்ளே ஃபோகஸ் பண்ணாது, நிக்கோனின் 50 எம்எம் எஃப்/1.8ஜி 45 சென்ரிமீற்றருக்கு உள்ளே. தாலிக்கொடியைக் கிட்டவாக எடுக்கப் போய் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தால் ஓரடி பின்னால் போங்கள், அவ்வளவுதான். நிக்கோனில் இன்னொரு வலை: டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸை மலிவாக வாங்கி மாட்டினால் தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, கமரா தானே இடத்தைத் தெரிவு செய்யும் நிலையில் இருந்தால் அது கிட்ட இருக்கும் பொருளைப் பிடிக்கும் பழக்கம் உள்ளது. மணவறையில் முன்னால் நிற்கும் குத்துவிளக்குக்குத்தான் அதிர்ஷ்டம் அடிக்கும். ஒற்றைப் புள்ளியை எடுத்து கண்ணில் வையுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கும் பழக்கம் எஃப்/8-இல் பரவாயில்லை, எஃப்/1.8-இல் அந்தத் திருப்பத்திலேயே கண் தெளிவு ஆழத்துக்கு வெளியே போய்விடும். மிரர்லெஸ் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லாத கமரா) வைத்திருப்பவர்கள் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், அதாவது எப்போதும் முன்னால் அல்லது எப்போதும் பின்னால் விழுகிறதா? இங்கேதான் நெருப்புப்பெட்டிச் சோதனை. மேசையில் மூன்று நெருப்புப்பெட்டிகளை நிறுத்துங்கள், படிக்கட்டுப் போல ஒன்றுக்கு அடுத்தது நாலு சென்ரிமீற்றர் பின்னால், ஒன்றையொன்று மறைக்காமல். ஒன்றரை மீற்றர் தூரத்தில் ட்ரைபொட். லென்ஸை முழுதாகத் திறந்து, நடுப் பெட்டியின் படத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து வியூஃபைண்டர் வழியாக ஆறு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஃபோகஸ் வளையத்தைக் குழப்பிவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள். பிறகு அதே ஆறை லைவ் வியூவில் எடுங்கள்.

லைவ் வியூவில் நடுப் பெட்டி தெளிவாகவும், வியூஃபைண்டரில் எப்போதும் முதல் பெட்டியோ மூன்றாம் பெட்டியோ தெளிவாகவும் வந்தால், லென்ஸும் கமராவும் ஒன்றுக்கொன்று இசையவில்லை. டிஎஸ்எல்ஆர் கமராவில் ஃபோகஸை அளப்பது, உடலுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனிச் சென்சர். படத்தை எடுப்பது வேறு சென்சர். இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எஃப்/1.8-இல் பிடிபட்டுவிடும். நிக்கோன் டி7000 வரிசை, கெனன் 80டி போன்ற உடல்களில் இதை மெனுவிலேயே கூட்டக் குறைக்கலாம், இரு பக்கமும் 20 படி. இரண்டிரண்டு படியாக மாற்றி நெருப்புப்பெட்டியை மறுபடி எடுங்கள். கெனன் 1500டி, நிக்கோன் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலை உடல்களில் அந்த வசதி இல்லை. லென்ஸை மாற்றித் தரச் சொல்வதுதான் வழி, அல்லது லைவ் வியூவில் எடுக்கப் பழகுவது. ஆறு படத்தில் சிலது முன்னால் சிலது பின்னால் என்று சிதறினால் அதைக் கூட்டிக் குறைத்துச் சரிபண்ண முடியாது. வெளிச்சம் குறைவாக இருந்திருக்கும், பகலில் முற்றத்தில் வைத்து மறுபடி பாருங்கள்.

மிரர்லெஸ் கமராவில் படம் எடுக்கும் சென்சரே ஃபோகஸையும் அளக்கிறது. அதனால் இந்த முன்-பின் தகராறு அங்கே மிக அரிது.

கச்சான் காற்றும் உப்புக் காற்றும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். நமக்கு அப்படி முடியாது.

ஆனி, ஆடியில் கச்சான் என்னும் வெப்பக் காற்று அடிக்கும் நாட்களில் நண்பன் ஒருவன் புதிதாக வாங்கிய 300 எம்எம் லென்ஸோடு மட்டக்களப்பு முகத்துவாரம் வெளிச்சவீட்டை எடுக்கப் போனான். 1913-இல் கட்டிய 28 மீற்றர் உயரக் கோபுரம். நேரான கோடுகள், வெள்ளைச் சுவர், சோதனைக்கு அருமையான பொருள். ஆனால் அவன் போனது மத்தியானம், நின்றது தண்ணீருக்கு இந்தப் பக்கம் வெகு தொலைவில். ட்ரைபொட், 1/1000, எஃப்/8, எல்லாம் சரி. கோபுரத்தின் விளிம்பு மட்டும் ஈரத்தில் நனைந்த காகிதம் போல நெளிந்திருந்தது. லென்ஸை விற்கக்கூட ஆயத்தமாகிவிட்டான்.

அது கானல். சூடான மணலும் தாரும் மேலே உள்ள காற்றைச் சூடாக்கும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். தூரம் கூடக் கூட, லென்ஸ் நீளக் கூட அது பெரிதாகத் தெரியும். கண்டுபிடிக்கும் வழி சுலபம்: அசையாமல் வைத்துத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுங்கள். விளிம்பின் வடிவம் படத்துக்குப் படம் மாறினால் காற்று. பத்திலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் வேறு காரணம். நண்பன் அடுத்த நாள் விடிய ஆறரைக்கு அதே இடத்தில் நின்றான். ஏறும் படியைக்கூட எண்ணலாம் போல் இருந்தது.

குளிரூட்டிய அறையில் இருந்து முற்றத்துக்கு வந்ததும் முன்கண்ணாடியில் பனி படர்வது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அது லென்ஸின் பின்கண்ணாடியிலும் படரும் என்பது. முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு “இன்னும் புகையாக இருக்கிறதே” என்று மண்டபத்து வாசலில் நின்று தலையைச் சொறிவோம். வெளியே போவதற்கு அரை மணித்தியாலம் முன்பே கமராப் பையை மூடியபடி வெளியில் வைத்துவிடுங்கள். பனி படர்ந்த லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரக்காற்று உள்ளே போகும்.

கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை என்று கடற்கரையில் ஒரு பின்னேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் விழுந்திருக்கும். நேரே பார்த்தால் தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

துடைப்பது எப்படி

அவசரப்பட்டுச் சாரன் தலைப்பால் துடைப்பதுதான் நாம் செய்யும் பெரிய பாவம். உப்பும் மணலும் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி. வாயால் ஊதினால் எச்சில் விழும். பிறகு மென்தூரிகை. அதன் பிறகுதான் துணி: லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் ஒரு துளி விட்டு, நடுவில் இருந்து வெளியே வட்டமாக. திரவத்தைக் கண்ணாடியில் நேரே ஊற்றினால் ஓரத்தால் உள்ளே இறங்கும். உப்புப் படலத்தை ஒருபோதும் உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம்.

இதற்கு முன், முன்னால் பூட்டியிருக்கும் யூவி பில்டரைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்த மலிவுப் பில்டர் ஒன்று நல்ல லென்ஸைக் குருடாக்கிவிடும். தேர்த்திருவிழா இரவில், மின்விளக்கு அலங்காரத்துக்கு எதிர்ப்பக்கமாக, படத்தின் நடுவுக்குக் குறுக்கே பச்சைப் பொட்டுகள் மிதந்தால் பெரும்பாலும் அது பில்டரின் வேலை. எதிர்வெயில் என்றால் ஹூட்டை (லென்ஸின் முன்னால் பூட்டும் நிழல் வளையம்) போடுங்கள், ஆனால் சரியாகத் திருப்பிப் பூட்டுங்கள். கோணலாக நின்றால் மூலைகள் கறுப்பாகும், அதுவும் லென்ஸின் தலையில்தான் விழும்.

வானத்தில் எப்போதும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது லென்ஸில் அல்ல, சென்சரில் ஒட்டிய தூசு. எஃப்/16-இல் வெறும் வானத்தை எடுத்து, லென்ஸை மாற்றி இன்னொன்று எடுங்கள். புள்ளி அங்கேயே நின்றால் சென்சரைத் துப்புரவாக்கக் கொடுங்கள்.

குறை அல்ல, குணம்

தென்னோலைகளுக்குப் பின்னால் வெள்ளை வானம். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் காட்சிதான், லென்ஸுக்கு மிகக் கடினமான காட்சியும் இதுதான். ஓலை விளிம்புகளில் ஊதா நிறக்கரை விழும். லென்ஸை முழுதாகத் திறந்தால் கூடும், எஃப்/4, எஃப்/5.6 என்று மூட மூடக் குறையும். படத்தின் ஓரங்களில் மட்டும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலப்பச்சையுமாக வரும் கரை வேறு வகை. அது மூடினாலும் போகாது, ஆனால் திருத்தும் மென்பொருளில் ஒரே சொடுக்கில் போய்விடும்.

1924-இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை, பக்கத்தில் உள்ள புதுப் பாலத்தில் நின்று 18 எம்எம்-இல் எடுத்துப் பாருங்கள். ஓரத்துச் சட்டங்கள் பீப்பாய் போல வெளியே வளையும். இதுவும் பழுதல்ல. கமராவுக்குள் லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் நேராகும். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றை, இந்தத் திருத்தம் நடக்கும் என்று நம்பித்தான் வடிவமைக்கிறார்கள்.

முழுதாகத் திறந்தால் மூலை இருட்டாவதும் கொஞ்சம் மென்மையாவதும் இயல்பு. அதற்கு மருந்தாக எஃப்/22-க்கு ஓட வேண்டாம். துளை மிகச் சிறுத்தால் ஒளி பரவி முழுப் படமும் மழுங்கும். கிரொப் சென்சரில் எஃப்/11-ஐத் தாண்டும்போதே அது தொடங்கிவிடும். எஃப்/5.6-க்கும் எஃப்/8-க்கும் இடையில்தான் பெரும்பாலான லென்ஸ்களின் சுகமான இடம்.

உண்மையிலேயே லென்ஸ்தானா?

எல்லாப் பழியும் எடுப்பவர் மேல் அல்ல. இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் வாங்கிய ஒரு 70-300 லென்ஸில் இடது பக்கம் எப்போதும் சோம்பலாகவே இருந்தது. முன்பு பட்ட வெட்கத்தால் ஒரு மாதம் என்னையே சந்தேகப்பட்டேன். கடைசியில் வாவிக்கரையில் இப்படிச் சோதித்தேன்.

1. எதிர்க்கரையில், ஒரு கிலோமீற்றருக்கு அப்பால், தெளிவான ஒரு பொருள்: தொலைபேசிக் கோபுரம் நல்லது. விடிய ஏழு மணிக்குள். ட்ரைபொட், நடுக்கத் தடுப்பு நிறுத்தம், லென்ஸ் முழுத் திறப்பு.
2. கோபுரத்தை நடுவில் வைத்து லைவ் வியூவில் ஃபோகஸ் பண்ணி, சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல் ஒரு படம் எடுங்கள்.
3. ட்ரைபொட் தலையைத் திருப்பி, அதே கோபுரம் நாலு மூலையிலும் விழும்படி நாலு படம்.
4. பிறகு எஃப்/8-இல் அந்த ஐந்தையும் மறுபடி.

நாலு மூலையும் ஒரே அளவு மென்மை என்றால் அது வடிவமைப்பு. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மற்றவற்றைவிட வெளிப்படையாக மோசமாக இருந்து, எஃப்/8-இலும் முழுதாகத் தேறாவிட்டால், உள்ளே உள்ள ஒரு கண்ணாடி தன் அச்சில் இருந்து விலகியிருக்கிறது. உறுதிப்படுத்த, கோபுரம் அந்த மோசமான மூலையில் நிற்கும்போது அங்கேயே ஃபோகஸ் பண்ணி எடுங்கள். இப்போது கூர்மையாக வந்துவிட்டதா? நாலு மூலையிலும் அப்படியே வந்தால் அந்த லென்ஸின் தெளிவுத் தளம் கிண்ணம் போல வளைந்தது, அவ்வளவுதான். ஒரு மூலை மட்டும் வேறு தூரத்தைக் கேட்டால் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கடைசியாக வேறு லென்ஸை மாட்டி அதே சோதனை. அதிலும் அதே பக்கம் மங்கினால் குற்றம் கமராவின் மவுண்டிலோ (லென்ஸ் பூட்டும் வளையம்) சென்சரிலோ இருக்கிறது.

கெனனில் எர் 01 என்றும், நிக்கோனில் எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடும் வந்தால் முதலில் லென்ஸின் பின்னால் உள்ள பொன்னிறத் தொடுபுள்ளிகளைத் துடையுங்கள். உலர்ந்த சுத்தமான துணி போதும். போகவில்லையென்றால் லென்ஸ் உள்ளே பழுதாக இருக்கலாம்.

கடையில்

என் 70-300-ஐத் திருப்பிக் கொண்டுபோன கடையில் முதலில் “பாவிச்ச சாமான் எடுக்கமாட்டம்” என்றார்கள். கத்தாமல் பத்துப் படத்தையும் திரையில் வரிசையாகக் காட்டினேன், பக்கத்தில் வேறு லென்ஸில் எடுத்த ஐந்தையும். கோபுரம் வலது மூலையில் கம்பி கம்பியாக, இடது மூலையில் புகையாக. அதைப் பார்த்த பிறகு பேச்சு மாறியது. ஆகவே படங்களை அழிக்க வேண்டாம். பெட்டி, பில், உத்தரவாத அட்டை, தொடர் இலக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். கடை மறுத்தால் இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, 1977 என்ற எண். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. என்னைப் போல ஒரு மாதத்தைச் சந்தேகத்திலேயே கழிக்காதீர்கள்.

பாவித்த லென்ஸ் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன்பே இதையெல்லாம் செய்யுங்கள், கூடவே ரோச் வெளிச்சத்தைப் பின்பக்கத்தால் சாய்வாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். தூசு நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்திவலை போல மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

மாற்றித் தந்த லென்ஸைக் கடை வாசலிலேயே பரிசோதித்துத்தான் எடுத்தேன். கார்த்திகை மழை தொடங்கும் முன் இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றும், சிலிக்கா ஜெல்லும், உள்ளே வைக்கச் சின்ன ஈரமானியும் வாங்கினேன். ஈரமானி 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் பூஞ்சணத்துக்கு இடமில்லை. ஈரமெடுக்க அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். அரிசித் தூள் லென்ஸின் வளையங்களுக்குள் போய்விடும், வேண்டாம். சிலிக்கா மணிகள் நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி பாவிக்கலாம், ஆனால் சமையல் சட்டியில் அல்ல. அதை வீட்டில் ஒரு தடவை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.